ஓவர்கிளாக் செய்த கணினி, புதுப் பாகம் போட்டதும் படுத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய கணினி என்னுடையது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). பிராசஸருக்குள் கணக்குப் போடும் கோர்கள் எல்லாவற்றையும் 4.2 கிகாஹெர்ட்ஸில், 1.3 வோல்ட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். தயாரிப்பாளர் குறித்ததைவிட வேகமாக இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். ஒரு வார இறுதியில் மூன்று பாகங்களைச் சேர்த்து மாற்றினேன். பிராசஸர் ரைசன் 7 5700எக்ஸ் ஆனது, இன்னும் இரண்டு 8 ஜிபி ரேம் ஏறியது, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3070 ஆனது. திங்கட்கிழமையிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. கேம் ஓடும்போது திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகும். யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதும் ரீஸ்டார்ட் ஆகும். பிரவுசரில் ஒரு டேப் திடீரென்று செத்துப்போகும். பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் பிழை வரும், மறுபடி பிரித்தால் வராது.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. காரணம் ஒன்றாக இருக்கும் என்று தேடினேன், நான்கு இருந்தன. அதே மாதிரித் தொல்லையில் மாட்டியவர்கள் அதன்பின் என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும் கீழே. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற ஏஎம்4 சாக்கெட், டிடிஆர்4 ரேம் கணினியைப் பற்றியவை. இன்டெலுக்கோ அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-க்கோ விஷயம் மாறும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பழைய செட்டிங் மூன்று வருடம் ஓடியதே, இப்போது மட்டும் ஏன்?

"என் 3600, 4.2 போகும்" என்று பேசுகிறோம். அந்த 4.2 பிராசஸருக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. அந்த மதர்போர்டு கொடுத்த வோல்டேஜில், அந்த இரண்டு ரேமோடு, அந்த எஸ்எம்பிஎஸ்ஸில், அந்தக் கேபினெட்டின் சூட்டில் கிடைத்த எண் அது. ஒரு பாகத்தை மாற்றினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

தயாரிப்பாளர் ஒரு சில்லின் வேகத்தைக் குறிக்கும்போது கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் குறிக்கிறார். அந்த இடைவெளியைத்தான் நாம் ஓவர்கிளாக்கில் பயன்படுத்துகிறோம். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. அத்தனை இடைவெளி அன்று இருந்தது. இன்றைய பிராசஸர்கள் தாங்களே வேகத்தை ஏற்றிக்கொண்டு (இதுதான் பூஸ்ட்) அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. நமக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதனால் ஒரு ரேம் கூடுதலாக ஏறினால்கூட அது தெரிந்துவிடுகிறது.

முதலில் எதைத் தொடுவது?

பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுங்கள். ரேமை அட்டைப்பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி உட்பட எல்லாம் அணையட்டும். பயாஸ் திரையே வரவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், அல்லது செட்டிங்கை அழிப்பதற்கென்று போர்டில் இருக்கும் கிளியர் சிமாஸ் பின்களை ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சில நொடி தொட்டுவிடுங்கள்.

அதற்கு அடுத்து, வேறு எதற்கும் முன்னால், பேக்கப். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தள்ளாடும் ரேமோடு கோப்புகளை நகல் எடுத்தால், கெட்டுப்போன நகல்தான் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும். என் கணினியில் அப்படித்தான் நடந்தது. ஒரு கல்யாணப் போட்டோ ஃபோல்டரை நகல் எடுத்தேன். திறந்து பார்த்தால் நாலைந்து படங்களில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் பட்டை. மூலப் படங்கள் நன்றாக இருந்ததால் தப்பித்தேன். டிஃபால்ட்டுக்கு வந்த பிறகு நகல் எடுங்கள். பழைய பேக்கப்பின் மேல் எழுதாமல் தனி ஃபோல்டரில் போடுங்கள்.

அப்புறம் விண்டோஸில் இரண்டு வேலை. ரைசன் மாஸ்டர், இன்டெல் எக்ஸ்டியூ மாதிரி மென்பொருள்கள் விண்டோஸ் தொடங்கும்போதே பழைய செட்டிங்கை ஏற்றிவிடலாம். பயாஸில் டிஃபால்ட் கொடுத்திருந்தாலும் அது டிஃபால்ட்டாக இருக்காது. அவற்றை எடுத்துவிடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு முழுதாக மூடாது. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எழுப்புகிறது. ஒருமுறை கெட்ட நிலை அப்படியே தொடரும்.

இப்படி இரண்டு நாள் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் செட்டிங்கில் கோளாறு. டிஃபால்ட்டிலும் ரீஸ்டார்ட் ஆனால், பாகத்திலோ கரண்டிலோ விண்டோஸிலோ கோளாறு. இந்த இரண்டு நாளைப் பொறுக்க முடியாமல்தான் முதல் வாரத்தை நான் வீணாக்கினேன்.

எக்ஸ்எம்பி கம்பெனி கொடுத்ததுதானே? அதையும் ஏன் அணைக்க வேண்டும்?

ரேமைச் செய்த கம்பெனி கொடுத்தது. பிராசஸரைச் செய்த கம்பெனி அதற்குப் பொறுப்பேற்பதில்லை. டிடிஆர்4 ரேமின் அடிப்படை வோல்டேஜ் 1.2. எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35. ரேமைப் பேசவைக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. ரேம் 3600-இல் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதால், உங்கள் பிராசஸரின் கன்ட்ரோலரும் அந்த வேகத்தில் ஓடும் என்று ஆகாது. எக்ஸ்எம்பியும் ஒரு ஓவர்கிளாக்தான்.

ஏற்கெனவே இருந்த ரேம் மாடலையே இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டேன். அதிலும் பிரச்சினையா?

நான் பார்த்த கணினிகளில் அதிகம் காலை வாரியது இதுதான், என்னுடையதும் சேர்த்து.

ரைசன் 3000 பிராசஸர்களுக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம், இரண்டு ரேம் போட்டால் 3200. நான்கு போட்டால், சில்லுகள் ஒரே தொகுதியாக இருக்கும் ஒற்றை ரேங்க் ரேமுக்கு 2933, இரண்டு தொகுதியாக இருக்கும் இரட்டை ரேங்க்குக்கு 2667. ரைசன் 5000-இலும் கதை அதுதான். டிடிஆர்5-இல் இறக்கம் இன்னும் பெரியது: ரைசன் 7000-இல் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. கன்ட்ரோலர் ஒரே கம்பியில் இரண்டு ரேமைத் தள்ள வேண்டியிருக்கிறது. சிக்னல் அந்த அளவுக்குக் கலங்குகிறது.

மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரே பெயரில் விற்கும் ரேமில் ஒரு மாதம் சாம்சங் சில்லும் அடுத்த மாதம் ஹைனிக்ஸ் அல்லது மைக்ரான் சில்லும் வரும். என் பழைய ஜோடியையும் புது ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹீட் சிங்க், ஸ்டிக்கர், எழுத்து எல்லாம் ஒன்று. ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண் மட்டும் வேறு. ஒரு மென்பொருளில் படித்துப் பார்த்தபோது இரண்டு ஜோடிக்கும் வேறுவேறு சில்லு என்று காட்டியது. எக்ஸ்எம்பியில் எழுதியிருப்பது அந்த ஜோடிக்கு மட்டும் சோதித்த எண். இரண்டு ஜோடிகளைச் சேர்த்து யாரும் சோதிக்கவில்லை.

வழி என்ன என்றால், முதலில் ஒரு ஜோடியை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அந்த இரண்டு ஸ்லாட்தான் சரி. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஜோடியைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தால் நான்கையும் போட்டு 2933-இல் தொடங்குங்கள். பயாஸின் ரேம் பக்கத்தில் கமாண்ட் ரேட் 2டி, கியர் டவுன் மோடு ஆன்; இரண்டும் ரேமின் வேலையைக் கொஞ்சம் தளர்த்தும். ரேம் கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.1 வரை போனால் பெரும்பாலும் போதும். 2933 உறுதியாக நின்ற பிறகுதான் 3200.

3200-க்கும் 2933-க்கும் நடுவில் என்ன போகிறது என்று கணக்குப் பாருங்கள். இரண்டு சேனலில் நொடிக்கு 51.2 ஜிபி, 46.9 ஜிபி. கேமில் இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். பிழை வந்தால் அன்றே கண்டுபிடித்துவிடுவீர்கள். இன்று வாங்கினால் நான்கு ரேமுக்குப் பதில் 16 ஜிபி இரண்டு கொண்ட ஒரே பெட்டியைத்தான் வாங்குவேன்.

பவர் பட்டனை அழுத்தினால் இரண்டு மூன்று முறை அணைந்து அணைந்து எரிகிறது. பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

போர்டு ரேமோடு பேசிப் பார்த்து, முடியாமல், மறுபடி முயல்கிறது. சில போர்டுகள் கடைசியில் சொல்லாமல் 2133-க்கோ 2400-க்கோ இறங்கிவிடும். "நன்றாக ஓடுகிறது" என்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். டிடிஆர்5 கணினியில் ரேம் மாற்றியதும் முதல் தடவை சில நிமிடம் திரை வராமல் இருப்பது சாதாரணம். அப்போது பதறி அணைத்துவிடாதீர்கள்.

ரேமை எப்படிச் சோதிப்பது?

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். விண்டோஸை இன்னும் கெடுக்காமல் சோதிக்க இதுதான் வழி. இரவு படுக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "எட்டு மணி நேரத்தில் ஒன்றுதானே" என்று விடக் கூடாது. அந்த ஒன்று எந்தக் கோப்பில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

அது தேறிய பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி ஓட்டுங்கள். மெம்டெஸ்ட் விட்டதை இவை பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலரையும் சேர்த்து உலுக்க வேண்டும் என்றால் பிரைம்95-இல் 'லார்ஜ் எஃப்எஃப்டி'. அதிலேயே 'ஸ்மால் எஃப்எஃப்டி' பிராசஸரையும் அதற்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷையும்தான் அடிக்கும், ரேமை அவ்வளவாகத் தொடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஸ்மால் ஓட்டிவிட்டு ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

ராத்திரி முழுக்கச் சோதனை தேறியது. ஆனால் கேமில் நாற்பது நிமிடம் ஆனதும் விழுகிறது. என்ன கொடுமை இது?

மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேமில் என் 3070 சுமார் 220 வாட் சூட்டைக் கேபினெட்டுக்குள் கொட்டுகிறது. பழைய கார்டு அதில் பாதிதான். அந்தச் சூடு மேலே எழுந்து ரேமைத் தொடுகிறது. சூடு ஏறினால் சில ரேம்களுக்கு, முக்கியமாக டைமிங்கை (ரேம் காத்திருக்கும் நேர எண்கள்) இறுக்கி வைத்தவற்றுக்கு, 50 டிகிரி தாண்டியதும் பிழை வர ஆரம்பிக்கும்.

சோதிப்பது சுலபம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்து, அதே கேமை ஓடவிடுங்கள். என் கணினியில் அன்று மூன்று மணி நேரம் விழவில்லை. தகட்டை மாட்டினேன், முக்கால் மணி நேரத்தில் விழுந்தது. முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்த்தேன், ரேமின் டைமிங்குகளில் ஒன்றான டிஆர்எஃப்சி எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினேன். நான்கு காரணங்களில் ஒன்று தீர்ந்தது. ரேம் சோதனையையும் கிராபிக்ஸ் சோதனையையும் ஒரே நேரத்தில் ஓட்டினால்தான் உண்மை தெரியும் என்பதை அன்றுதான் கற்றேன்.

முழு லோடில் எட்டு மணி நேரம் நிற்கிறது. சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது. இது எப்படிச் சாத்தியம்?

ரைசன் 5000 வைத்திருப்பவர்கள் கேட்டால் என் முதல் கேள்வி: கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் கழித்தல் 30 போட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் "ஆமாம், எல்லாரும் அதைத்தானே போடச் சொல்கிறார்கள்" என்று பதில் வரும்.

கர்வ் ஆப்டிமைசர் என்பது ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் படிப்படியாகக் குறைக்க உதவும் பயாஸ் செட்டிங். அதில் ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். 30 படி என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் குறைகிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் தானாகவே இறங்கி இருக்கும், குறைந்த வோல்டேஜே போதும். சும்மா இருக்கும் கணினியில் பிரவுசரோ அப்டேட்டோ நொடிப்பொழுது ஒரு கோரை எழுப்பும். அந்தக் கோர் ஒரேயடியாக உச்ச பூஸ்டுக்குத் தாவும். 5700எக்ஸில் அது 4.6 கிகாஹெர்ட்ஸ். அந்த வேகத்துக்குத் தேவையான வோல்டேஜை நாம்தான் வெட்டிவிட்டோமே. அங்கேதான் விழுகிறது. எல்லாக் கோரையும் சேர்த்து அடிக்கும் சோதனை இந்த நிலையை எட்டவே எட்டாது.

எந்தக் கோர் என்று கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதியும் ஈவென்ட் வியூவரைத் திறந்து 'சிஸ்டம்' பதிவில் 'ஹியா லாகர்' (WHEA-Logger) பெயரில், எண் 18 உள்ள நிகழ்வைத் தேடுங்கள். 'கேஷ் ஹைரார்க்கி எரர்' என்று இருக்கும். அதன் கீழே 'பிராசஸர் ஏபிஐசி ஐடி' என்று ஓர் எண். ஒரு கோர் விண்டோஸுக்கு இரண்டு த்ரெட்டாக, அதாவது இரண்டு எண்ணாகத் தெரியும் என்பதால் எட்டுக் கோர் பிராசஸரில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண் வரும். என் பதிவில் திரும்பத் திரும்ப 4-உம் 5-உம் வந்தன. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கோர் 2. அந்த ஒன்றுக்கு மட்டும் 30-ஐ 12-ஆக்கினேன். அடுத்த நாள் கோர் 5 விழுந்தது, அதை 18-ஆக்கினேன். பிராசஸரின் சிறந்த கோர்கள் என்று குறிக்கப்பட்டவைதான் முதலில் விழும். அவைதான் அதிகம் பூஸ்ட் ஆகின்றன, அவற்றின் வோல்டேஜை ஆலையிலேயே நெருக்கி வைத்திருப்பார்கள்.

கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராக எழுப்பிச் சோதிக்கும். ஓரிரவு ஓடவிட்டால் எந்தக் கோர் தேறவில்லை என்று பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கும்.

ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?

அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முறையாக மூடாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதை மட்டும் விண்டோஸ் அங்கே பதிகிறது. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் 41 வரும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் வேறு என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

நீலத் திரையே வராமல், கேம் ஓடும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. இது எஸ்எம்பிஎஸ்தானே?

இப்போது சந்தேகம் சரியான பக்கம் போகிறது. அதிலும் ஒருமுறை அணைந்த பிறகு, பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகக் கதவைச் சாத்திக்கொண்டது என்று பொருள்.

என் கணக்கு இப்படி இருந்தது. கார்டு 220 வாட், பிராசஸர் 90 வாட்டுக்குள், மற்றதெல்லாம் 60. மொத்தம் 370, எஸ்எம்பிஎஸ் 550. தாராளமாகப் போதும் என்று தோன்றியது. ஆனால் 220 என்பது சராசரி. புதிய கார்டுகள் நொடியின் மிகச் சிறிய பங்கில் அதைத் தாண்டி எகிறும். இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள், குறித்த திறனின் இரு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கேட்கின்றன. அதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ் எல்லாமே மோசம் என்று இல்லை, ஆனால் அது ஆறேழு வருடம் உழைத்ததாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

செலவு இல்லாமல் சோதிக்கும் வழி: ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி அதே கேமை ஓட்டுங்கள். அணைவது நின்றால் கரண்ட் பக்கம்தான் கோளாறு. பிறகு கேபிளைப் பாருங்கள். கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்பு இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் போக வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டை வாலை இரண்டிலும் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கினால் அதனோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். பழைய கம்பெனியின் கேபிள் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் முனையில் பின் வரிசை வேறாக இருக்கும். 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் வேறு போனால் டிஸ்க்கோ போர்டோ எரிந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கு முக்கியம்: யூபிஎஸ். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். பழைய கார்டோடு அது போதுமாக இருந்திருக்கும். புது கார்டு வந்ததும் கேமில் லோடு எல்லையைத் தொடுகிறது, யூபிஎஸ் ஒரு சத்தம் போட்டுவிட்டு வெட்டிவிடுகிறது. ஹெட்போன் போட்டிருந்ததால் அந்தச் சத்தம் எனக்கு இரண்டு வாரம் கேட்கவில்லை. கணினியை நேராகச் சுவர் பிளக்கில் செருகிய அன்றே பட்டென்று அணைவது நின்றுவிட்டது. எஸ்எம்பிஎஸ் வாங்கக் கடைக்குப் போகும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

நீலத் திரையில் வரும் பெயரை வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

குத்துமதிப்பாகச் சொல்லலாம். 'ஹியா அன்கரெக்டபிள் எரர்' என்றால் பிராசஸர் வோல்டேஜ் குறைவு என்று முதலில் சந்தேகப்படுங்கள். 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' வந்தாலும் அப்படியே. 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்', 'ஐஆர்க்யூஎல்' மூன்றும் மாறி மாறி வந்தால் ரேம். 'வீடியோ டிடிஆர்' என்றால் கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர். ஒரு தடவை வந்த பெயரை நம்பாதீர்கள், ஐந்தாறு தடவை வந்ததைச் சேர்த்துப் பாருங்கள். பெயர் ஒவ்வொரு தடவையும் மாறுவதே ரேமைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

பயாஸை அப்டேட் செய்தேன். சேமித்து வைத்த பழைய செட்டிங் ப்ரொஃபைலை ஏற்றலாமா?

வேண்டாம். பதிப்பு மாறினால் உள்ளே எண்களின் இடமும் பொருளும் மாறியிருக்கலாம். காகிதத்தில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகக் கையால் போடுங்கள். அப்டேட் செய்யும்போது ஓவர்கிளாக் அணைந்திருக்க வேண்டும், பாதியில் விழுந்தால் போர்டே எழாமல் போகும்.

பிராசஸர் அதேதான், மதர்போர்டு மட்டும் மாற்றினேன். அதே 1.3 வோல்ட் ஏன் போதவில்லை?

நீங்கள் போடும் 1.3 வேறு, லோடில் பிராசஸருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் வேறு. லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்யும். 1.3 போட்ட இடத்தில் ஒரு போர்டில் 1.28 சேரும், இன்னொன்றில் 1.23. இந்தத் தொய்வை ஈடுகட்டும் செட்டிங்தான் லோடு லைன் காலிப்ரேஷன். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: அசுஸ் போர்டுகளில் எண் கூடினால் ஈடு கூடும், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் மிக வலுவானது. பழைய போர்டின் எண்ணைப் புதியதில் அப்படியே போட்டால் நேர் எதிராக வேலை செய்யும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில், லோடு ஓடும்போது காட்டும் வோல்டேஜைப் பார்த்து நடுத்தரமான நிலை ஒன்றில் வையுங்கள்.

கூலரைக் கழற்றி மாட்டியதிலிருந்து ஒரு பக்கத்து ரேமைக் காட்டவே மாட்டேன் என்கிறது.

ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை இழுக்கும்போது சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும், பின் வளையும். ஒரே ஒரு பின் போனாலும் ஒரு ரேம் சேனல் போகலாம். பிராசஸரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வரிசையாக நிற்கும் பின்களில் எது தலைசாய்ந்திருக்கிறது என்று தெரியும். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைக்கு நடுவில் விட்டு மெதுவாக நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் ஒடியும். அடுத்த தடவை கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்டைச் சூடாக்கி, கூலரை இடமும் வலமும் திருகி, பிறகு தூக்குங்கள்.

வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடாதா?

இன்று சரியாகலாம். வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சில்லு தேயும், அதே வேகத்துக்குப் பிறகு இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கும். ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கே இது நடந்திருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசஸர்கள் பல, தாங்களே கேட்ட மிகை வோல்டேஜால் தேய்ந்து தள்ளாடின. இன்டெல் 2024 ஆகஸ்டில் வோல்டேஜை 1.55-இல் நிறுத்தும் மைக்ரோகோடை (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசஸரின் உள் மென்பொருள்) வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. உங்களிடம் அந்தப் பிராசஸர் இருந்தால் வேறு எதையும் சோதிக்கும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்துவிட்டதை அந்த அப்டேட் மீட்காது, அதற்கு வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும்.

ஏஎம்4-க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இல், ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைப் பிராசஸர்கள் 2023-இல் எரிந்தபோதும் எஸ்ஓசி வோல்டேஜ்தான் காரணமாக இருந்தது. ஏஎம்டி அதை 1.3-இல் நிறுத்தியது. ரேமுக்காக எஸ்ஓசியை ஏற்றும் கை அங்கே நிற்கட்டும்.

டிசம்பரில் சோதித்துத் தேறியது. ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அறை 26 டிகிரியில் இருக்கும்போது 78 காட்டிய பிராசஸர், அறை 38 ஆனால் 90-ஐத் தொடும். 5700எக்ஸின் எல்லையே 90. ஏசி இல்லாத அறையில் கணினி வைத்திருப்பவர்கள் மே மாத மதியம் இரண்டு மணிக்குச் சோதிப்பதுதான் நியாயம். நான் டிசம்பரில் இறுக்கிய ரேம் டைமிங்கை ஏப்ரலில் தளர்த்தித்தான் ஆக வேண்டியிருந்தது.

எல்லாம் சரிசெய்த பிறகும் சில புரோகிராம்கள் மட்டும் விழுகின்றன.

தள்ளாடிய நாட்களில் ஓடிய அப்டேட் ஏதாவது பாதி கெட்டு எழுதப்பட்டிருக்கும். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில், விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஸ்ம் ரிஸ்டோர் ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அடுத்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow). கேம்களுக்கு ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதற்கும் அடங்கவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே குறைந்த வேலை. ரேம் சோதனை தேறும்முன் மட்டும் போடாதீர்கள், புது விண்டோஸும் கெடும்.

உங்கள் கணினி கடைசியில் எந்தச் செட்டிங்கில் நின்றது?

நான்கு ரேமும் 3200-இல் நிற்க மறுத்தன, 2933-இல், 1.35 வோல்ட்டில் ஓடுகின்றன. கர்வ் ஆப்டிமைசரில் கோர் 2-க்கு கழித்தல் 12, கோர் 5-க்கு 18, மற்ற ஆறுக்கும் 22. எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இந்தப் பிராசஸரில் அப்படிச் செய்தால் ஒற்றைக் கோரின் பூஸ்ட் போய்விடுகிறது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் இன்னும் அதேதான், கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள். 600 விஏ யூபிஎஸ் இப்போது வைஃபை ரௌட்டருக்கும் மானிட்டருக்கும் போயிருக்கிறது. கணினிக்கு 1100 விஏ வாங்கினேன்.